நகைச்சுவை மேடையும் மலையகப் பேச்சும்

ஈழத்துத் தமிழ் நகைச்சுவையில் எவருடைய பேச்சு இடம்பெற்றது, எவருடையது விடுபட்டது என ஆராய்வோர், இலங்கை வானொலி நாடகமொன்றினின்று உருவாகி 1976இல் வெளிவந்த ‘கோமாளிகள்’ திரைப்படத்தை நோக்குதல் வேண்டும். அதில் எஸ். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம்களின் வழக்கையும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாண வழக்கையும், எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழையும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பிராமணர் வழக்கையும் பேசினர். இத்தனை வழக்குகள் ஒருங்கே நின்று சிரிப்பூட்டியமை மெச்சத்தக்கதே. எனினும் அந்நால்வருள் தோட்டத் தொழிலாளி எவருமிலர்.

மலையகத்தார்க்கு நகைச்சுவை மரபு இல்லாமையால் இது நேர்ந்ததன்று. துரையையும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளும் வாய்மொழிப் பாடல்கள் தோட்டங்களெங்கும் வழங்கின. மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்தார். மேலிருப்போனைப் பார்த்துக் கீழிருப்போன் நகைத்த நகை அது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களுக்கு, நாட்டின் பொதுமேடை எட்டாததாகவே இருந்தது.

ஐந்தாவது கோமாளியாக ஒரு தோட்டத் தொழிலாளியைச் சேர்த்திருந்தாற் குறை தீர்ந்திருக்குமென நாம் கருதவில்லை. ஐயராக ஒரு முஸ்லிம் நடித்ததில் எமக்கு முறைப்பாடில்லை; அச்சிரிப்பால் ஐயர் எவரும் தம் உரிமையை இழந்தாரல்லர். ‘தோட்டக்காட்டான்’ என்பது வசைச்சொல்லாக வழங்கிய சூழலிலோ, பிறர் அப்பேச்சைப் பாவனை செய்வது வசையின் நீட்சியாகவே முடிந்திருக்கக் கூடும்.

ஒருவர் தனித்து நின்று தம் வாழ்வையே நகைச்சுவையாக்கும் மேடை வடிவம் இன்று பரவியுள்ளது. வலப்பனைத் தோட்டப் பெண்ணொருவர் அதில் ஏறி, கொழுந்து நிறுக்கையிற் கழிக்கப்படும் கிலோவைப் பற்றிப் பேசுவாராயின், தராசடியில் நின்றவர்களே முதலிற் சிரிப்பர். கணக்கப்பிள்ளை சற்றுப் பிந்தியே சிரிப்பார்.