இரண்டு சிம், ஓர் ஆன்டெனா, ஒரு காப்புரிமை வழக்கு

ஓமனில் ரூவி ஹை ஸ்ட்ரீட்டின் மொபைல் கடைகளில் ஒற்றை சிம் போன் கேட்டால், கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே வேலை பார்க்கும் நம்மவர்களின் போனில் ஓமன்டெல்லோ ஊரிடூவோ ஒரு சிம். ஊரில் வாங்கிய சிம் இன்னொன்று. ஊர் சிம்மில் பேசுவது அபூர்வம். பேங்க் ஓடிபி வந்தாக வேண்டும் என்பதற்காகவே ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பார்கள். ஓமன் சிம்மில் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்கும்போது ஊரிலிருந்து அந்த இன்னொரு எண்ணுக்கு அழைத்தால், பெரும்பாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொல்லும். போன் கையில் இருக்கிறது, டவர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் அழைப்பு வராது.

காரணம் போனுக்குள் இருக்கிறது. சிம் இரண்டு என்றாலும், பெரும்பாலான போன்களில் டவரோடு பேசும் ரேடியோ ஒன்றுதான். இரண்டு சிம்களும் அதையும் அதன் ஆன்டெனாவையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே வாட்ச்மேன் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்ப்பது போல. இது சாத்தியமாவதற்குக் காரணம், சும்மா இருக்கும் போன் டவரை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதில்லை என்பது. ஜிஎஸ்எம் முறையில் ஏறக்குறைய அரை நொடியிலிருந்து இரண்டு நொடிக்கு ஒருமுறை, தனக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் மட்டும் விழித்து, ‘எனக்கு அழைப்பு உண்டா’ என்று பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். விழித்திருப்பது சில மில்லிநொடிகள்தான். 4ஜியிலும் இதே ஏற்பாடு, இடைவெளிதான் கொஞ்சம் வேறு. ஒரு சிம் தூங்கும் நேரத்தில் இன்னொரு சிம்முக்காக ரேடியோவைத் திருப்பினால் போதும், இரண்டு எண்களும் விழித்திருப்பது போலத் தோன்றும். பேச ஆரம்பித்தால்தான் சிக்கல். அழைப்பு முடியும்வரை ரேடியோ ஒரே சிம்மின் வசம் போய்விடுகிறது. இரண்டு ரேடியோ வைத்த போன்களும் உண்டு. விலையும் கூடும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

ஆன்டெனாவின் கதை தனி. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர்; கால் அலை நீளத்துக்கு ஆன்டெனா வைத்தால் 8 சென்டிமீட்டர் வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸுக்கு அதில் பாதி போதும். உலோகத் தகட்டை மடித்தும் வளைத்தும், ஒரே துண்டு இரண்டு அலைவரிசைக்கும் ஒத்திசையும்படி போனின் ஓரத்தில் அடக்கிவிடுகிறார்கள். ஆகவே இரு நெட்வொர்க்குகள் ஓர் ஆன்டெனாவைப் பகிர்வதில் இயற்பியல் தடை ஏதும் இல்லை. யார் எப்போது பயன்படுத்துவது என்ற முறை வைப்பதில்தான் மூளை வேலை.

இந்த இரட்டை சிம்மே தன் கண்டுபிடிப்பு என்று மதுரையைச் சேர்ந்த ஒருவர் 2002 மார்ச்சில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தார். 2008இல் காப்புரிமை கிடைத்தது, எண் 214388. வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கான பல சிம் கார்டுகளைக் கொண்ட மொபைல் போன் என்பதே அதன் பொருள். அடுத்த ஆண்டே அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார், சுங்கத் துறையிடமும் போனார். அறிவுசார் சொத்துரிமையை மீறும் சரக்கை நிறுத்திவைக்க சுங்கத் துறைக்கு 2007இல் வந்த விதிகள் அதிகாரம் தந்திருந்தன. இரட்டை சிம் போன்கள் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தேங்கின. சாம்சங், மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ் என்று பெரிய பெயர்களெல்லாம் ஒரு தனிமனிதரின் காப்புரிமைக்கு முன்னால் வக்கீல் தேடி ஓடின. அந்தக் காட்சி அப்போது பலருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான்.

வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போனவர்களை இது தொடவில்லை. சொந்த உபயோகத்துக்காகப் பெட்டியில் கொண்டுபோகும் பொருளுக்கு அந்த விதிகளே விலக்கு அளித்திருந்தன. இந்தியக் காப்புரிமை இந்திய எல்லையோடு நின்றுவிடும் என்பதால், ரூவி கடைக்காரருக்கும் அதனால் பாதகம் இல்லை. இங்கே உரிமை கோர வேண்டுமென்றால் ஓமனிலோ, ரியாத்திலுள்ள வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் காப்புரிமை அலுவலகத்திலோ தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும்.

காப்புரிமைச் சான்றிதழ் கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். இந்தியச் சட்டம் அப்படி நினைப்பதில்லை. உரிமை வழங்குமுன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வழங்கியது வெளியான ஓராண்டுக்குள் பாதிக்கப்படுபவர் எதிர்க்கலாம். அதற்குப் பிறகும் 64ஆம் பிரிவின்படி ரத்து கோரலாம். அந்த வகையில் நிறுவனங்கள் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தை நாடின. அதன் தலைமையிடம் அப்போது சென்னை, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் குணா காம்ப்ளக்ஸ். 2012 ஜூன் முதல் தேதி வாரியம் காப்புரிமையை ரத்து செய்தது.

பலரும் அதைப் பெரிய நிறுவனங்களின் வெற்றி என்றுதான் பார்த்தார்கள். கட்சிக்காரர்களின் பெயரை மறைத்துவிட்டுத் தேதியை மட்டும் பார்த்தால் வேறொன்று தெரியும். வாரியத்தின் முன் இருந்த கேள்வி, இரட்டை சிம் பயனுள்ளதா என்பதல்ல. 2002 மார்ச்சுக்கு முன்பே இந்த யோசனை எங்காவது வெளியாகியிருந்ததா, வெளியானதைப் படித்த ஒரு பொறியாளர் மிச்சத்தைத் தானே எட்டிவிட முடியுமா என்பதுதான். 2000ஆம் ஆண்டிலேயே ஃபின்லாந்தின் பெனிஃபோன் நிறுவனம் ‘டுவின்’ என்ற இரட்டை சிம் போனைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது என்பதை நினைவில் கொள்ளலாம். அதில் ஒரு சமயத்தில் ஒரு சிம்தான் வேலை செய்யும் என்றாலும், ஒரே போனில் இரண்டு சிம் என்ற யோசனை வெளியே வந்துவிட்டது.

என் கணிப்பில் அந்தக் காப்புரிமையின் பலவீனம் அதன் அகலம். போனில் பல சிம் என்று ‘என்ன’வுக்கே உரிமை கேட்டால், சந்தையில் உள்ள எல்லோரையும் மடக்கலாம், ஆனால் உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு பழைய காகிதம் வந்து அதைக் கவிழ்த்துவிடும். இரண்டு நெட்வொர்க்கின் விழிப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதினால் ரேடியோவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது போன்ற ‘எப்படி’களுக்கு வாங்கும் குறுகிய காப்புரிமைகள் செய்தித்தாளில் வராது, ஆனால் உடைப்பதும் கடினம்.

மார்க்கோனியே இப்படித் தோற்றிருக்கிறார். 1904இல் அவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 763,772, ஆன்டெனாவையும் அதனோடு இணைந்த சுற்றையும் அனுப்பும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் ஒரே அதிர்வெண்ணுக்கு ஒத்திசைப்பது பற்றியது. மொத்தம் நான்கு சுற்றுகள். ஒரு நிலையத்தின் செய்தி இன்னொன்றின் மேல் ஏறாமல் இருக்க இதுதான் வழி. தன் காப்புரிமைகளை அமெரிக்க அரசு அனுமதியின்றிப் பயன்படுத்தியது என்று மார்க்கோனி நிறுவனம் 1916இல் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1943 ஜூன் 21இல். முக்கியமான உரிமைக்கோரல்கள் செல்லாது என்று சொன்ன நீதிபதிகள், ஆலிவர் லாட்ஜ், நிகோலா டெஸ்லா, ஜான் ஸ்டோன் ஸ்டோன் மூவரின் முந்தைய வேலைகளை எடுத்துவைத்தார்கள். ஸ்டோன் விண்ணப்பித்தது 1900 பிப்ரவரியில். மார்க்கோனி அதே ஆண்டு நவம்பரில். ஒன்பது மாதம். 1899இல் ஸ்டோன் எழுதிய கடிதங்களும் சாட்சியாக நின்றன.

ரேடியோவைக் கண்டுபிடித்தது டெஸ்லாதான் என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டதாக இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. வானொலிச் செய்தியை முதலில் வெற்றிகரமாக அனுப்பியவர் என்ற மார்க்கோனியின் புகழ் வேறொரு காப்புரிமையைச் சார்ந்தது, அது இந்த வழக்கில் கேள்விக்கே வரவில்லை என்று தெளிவாகவே எழுதியது. தீர்ப்பைக் கேட்க மார்க்கோனி இல்லை, 1937இலேயே இறந்துவிட்டார். டெஸ்லா தீர்ப்பு வந்த 1943இன் ஜனவரியில் இறந்தார். ஸ்டோன் மே மாதம்.

நம்மூர் வழக்கின் மிச்சம் இதுதான். ஒரு கைக்கடிகாரம் போலியா என்று சுங்க அதிகாரி கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு போன் காப்புரிமையை மீறுகிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியாது, சுற்றையும் உரிமைக்கோரலையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். 2018 ஜூனில் சுங்க விதிகளிலிருந்து காப்புரிமை நீக்கப்பட்டது. தேனாம்பேட்டை வாரியமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, ரத்து மனுக்கள் உயர் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டன. எண் 214388 எந்தச் சவாலும் இல்லாமல் தப்பித்திருந்தாலும், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு என்ற கணக்கில் 2022 மார்ச்சோடு அதன் ஆயுள் முடிந்திருக்கும்.