உறையாத கால்வாய்



குளிர் மிகுந்துவிட்டதே என்று வருந்துவோரை நாம் எங்கும் காண்கிறோம். குளிர் வரவில்லையே என்று வருந்துவோரைக் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டிருக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுவதும் அத்தகைய ஒருவரது இல்லத்தில் வாழ்ந்தும் இருக்கிறேன்.

2019ஆம் ஆண்டின் இறுதியில், வடிகால் முறைகளைக் கற்றறியும் பொருட்டு நெதர்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள ஃபிரீஸ்லாந்து மாநிலத்திற்குச் சென்றிருந்தேன். அதன் தலைநகரான லேவார்டனை அடுத்த சிற்றூர் ஒன்றில், முதியவர் ஒருவரது வீட்டில் தங்கினேன். வீட்டின் பின்புறம் அகன்ற கால்வாய் ஓடியது. கதவருகே, சுவரில் அடித்த ஆணிகளில், இரண்டு இணை சறுக்குக் காலணிகள் தொங்கின. ஒன்று அவருடையது. மற்றொன்று மரப்பலகையில் இரும்புத் தகடு பதித்து, தோல்வாரால் காலோடு கட்டிக்கொள்ளும் பழைய வகை. "அது உமக்கு. கால்வாய் உறையட்டும், சமையலறை நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நீர் சறுக்கப் பழகலாம். இந்நாட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் பழகுவார்கள்" என்றார் அவர்.

டிசம்பர் கழிந்தது, ஜனவரி கழிந்தது, பிப்ரவரியும் வந்தது. கால்வாய் நீர் சிற்றலை வீசிக்கொண்டே இருந்தது. மேற்குக் காற்றும் தூறலும் அன்றி வேறொன்றும் வரவில்லை. அவ்வாண்டு அந்நாட்டுக் குளிர்காலத்தின் சராசரி வெப்பம் இயல்பைவிட ஏறத்தாழ 3 டிகிரி மிகுந்திருந்தது. நாற்காலி சமையலறையிலேயே இருந்தது. காலணிகள் ஆணியிலேயே தொங்கின. பனிக்கட்டியின்மேல் ஓர் அடிகூட வைக்காமல் ஊர் திரும்பினேன். என் ஏமாற்றம் சிறிது. ஆனால் அம்முதியவரின் ஏமாற்றம் அத்துணைச் சிறிதன்று. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், 'எல்ஃப்ஸ்டேடென்டொக்ட்' என்னும் பதினொரு நகரப் பயணத்தைப் பற்றி முதலில் அறிய வேண்டும்.

ஃபிரீஸ்லாந்தில் பழம்பெருமை வாய்ந்த நகரங்கள் பதினொன்று உண்டு. லேவார்டனில் தொடங்கி, ஸ்னேக், ஸ்டாவரன், ஹார்லிங்கன் முதலியவற்றைக் கடந்து, இறுதியில் டொக்கும் நகரை அடைந்து, மீண்டும் லேவார்டனுக்கே வந்து சேர்வது இப்பயணம். தொலைவு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். முழுவதையும் உறைந்த கால்வாய்கள், ஆறுகள், ஏரிகள் இவற்றின் மேல் ஒரே நாளில் சறுக்கிக் கடக்க வேண்டும். விடியுமுன் புறப்பட்டு, நள்ளிரவிற்குள் திரும்ப வேண்டும். ஒவ்வொரு நகரிலும் கையிலுள்ள அட்டையில் முத்திரை பெற வேண்டும். முத்திரைகள் அனைத்தும் நிறைந்தால் சிறியதொரு சிலுவைப் பதக்கம் கிடைக்கும். அதற்காக ஒரு வாழ்நாள் முழுவதும் காத்திருப்போர் அங்கு உண்டு.

முறையான முதற்பயணம் 1909ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நடைபெற்றது. 1963ஆம் ஆண்டுப் பயணம் இன்றளவும் பேசப்படுவது. கடுங்குளிரும் புயற்காற்றும் பனித்தூளும் சேர்ந்து வாட்டிய அன்று, ஆயிரக்கணக்கில் புறப்பட்ட சுற்றுப்பயணிகளுள் 69 பேர் மட்டுமே உரிய நேரத்தில் மீண்டனர். போட்டியில் வென்ற ரைனியர் பாப்பிங் பதினொரு மணி நேரம் அளவிற்குச் சறுக்கியிருந்தார். 1986ஆம் ஆண்டுப் பயணத்தில் அந்நாட்டின் பட்டத்திளவரசர், இன்றைய மன்னர் வில்லம் அலெக்சாண்டர், வேறு பெயர் பூண்டு கலந்துகொண்டு முடித்தார். 1997 ஜனவரி 4ஆம் நாள் நிகழ்ந்த பயணத்தில் பதினாறாயிரத்திற்கும் மேற்பட்டோர் இறங்கினர். வென்றவர் ஹெங்க் ஆங்கெனென்ட் என்னும் விவசாயி.

அப்பதினாறாயிரவருள் என் வீட்டுக்கார முதியவரும் ஒருவர். அன்று வடகிழக்குக் காற்று மிகக் கடுமையாக வீசிற்று. பத்து நகரங்களைக் கடந்து, பார்ட்லேஹீம் என்னும் சிற்றூரின் பாலத்தை அவர் அடைந்தபோது இருட்டிவிட்டது. அங்கிருந்து டொக்கும் சென்று அப்பாலத்திற்கே மீள வேண்டும். டொக்கும் முத்திரையோடு திரும்பி வருவோர் எதிரே சென்றுகொண்டிருந்தனர். இவருக்கோ விரல்கள் மரத்துவிட்டன. கண்ணிமைகள் உறைந்து ஒட்டின. அங்கேயே நின்றுவிட்டார். "அடுத்த பயணத்தில் முடிப்போம் என்று எண்ணினேன்" என்று கூறி, அட்டையை எடுத்துக் காட்டினார். டொக்கும் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

அடுத்த பயணம் இன்றுவரை வரவில்லை.

கால்வாய் உறைவது அத்துணை அரிதா என்று கேட்கத் தோன்றும். நீர் உறையும் முறையைச் சற்று நோக்குவோம். குளிர்ந்த காற்று படும்போது மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. அடிநீர் மேலே வருகிறது. நீர் முழுவதும் 4 டிகிரி அளவிற்குக் குளிரும் வரை இவ்வாறே நடைபெறும். அதற்கும் கீழே குளிர்ந்தால் நீர் மீண்டும் இலேசாகிறது. ஆகவே மேலேயே தங்கி, சுழியில் உறைகிறது. இனிப் பனிக்கட்டி தடிக்க வேண்டுமானால், அதன் அடியிலேதான் புதுப் படலம் சேர வேண்டும். அடிநீரின் வெப்பம், ஏற்கெனவே உறைந்த படலத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். படலம் தடிக்கத் தடிக்க அவ்வெளியேற்றம் மந்தமாகிறது. தடிப்பு இருமடங்காக வேண்டுமாயின், குளிர் ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும் என்பது கோட்பாட்டுக் கணக்கு.

பதினொரு நகரப் பயணத்திற்கு வேண்டிய தடிப்பு 15 சென்டிமீட்டர். அதுவும் ஓரிடத்தில் இருந்தால் போதாது. 200 கிலோமீட்டர் முழுவதும் இருக்க வேண்டும். இடையில் வெண்பனி பொழிந்தால் அது கம்பளிபோலப் போர்த்துக் குளிரைத் தடுத்துவிடும். பாலங்களின் அடியிலும், நீர்ப்பறவைகள் கூடும் இடங்களிலும் பனிக்கட்டி நலிந்தே இருக்கும். அத்தகைய சிற்சில இடங்களுக்கு மாற்று உண்டு. கரையில் கம்பளம் விரித்து, சறுக்குக் காலணியோடே நடந்து கடப்பார்கள். வேறிடத்தில் வெட்டிய பனிக்கட்டியைக் கொணர்ந்து ஒட்டுப் போடுவதும் உண்டு. ஆனால் காலநிலைக்கு ஒட்டுப் போட இயலுமா?

அந்நாட்டின் குளிர்காலம் காற்றின் திசையைப் பொறுத்தது. மேற்கிலிருந்து வீசினால் அட்லாண்டிக் கடலின் இளஞ்சூடும் மழையும் வரும். கிழக்கிலிருந்து வீசினால் ருஷ்யச் சமவெளியின் கடுங்குளிர் வரும். அக்கிழக்குக் காற்று பல நாள் நின்று வீச வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்நாட்டின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆகவே கிழக்குக் காற்று வீசினும் முன்போன்ற குளிர் வருவதில்லை, வந்தாலும் நீடிப்பதில்லை. கணக்கைப் பாருங்கள்: 1909 முதல் 1963 வரை இப்பயணம் பன்னிரண்டு முறை நடைபெற்றது. அதன் பின்னர் 1985, 1986, 1997 என மூன்றே முறை. 2012 பிப்ரவரியில் நாடே திரண்டு காத்திருந்தது; ஆனால் தென்பகுதியில் பனிக்கட்டி போதிய தடிப்பில்லை என்று பயணம் கைவிடப்பட்டது.

பனி வராத நாட்டில் மக்கள் வாளா இருக்கவில்லை. 1989 முதல் ஆண்டுதோறும் பல்லாயிரவர் ஆஸ்திரியாவிலுள்ள வைசன்சே என்னும் மலையேரிக்குச் சென்று, அங்கு 200 கிலோமீட்டர் சறுக்குகிறார்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில், ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற மார்ட்டன் வான் டெர் வைடன் என்பவர் பதினொரு நகர வழி முழுவதையும் நீந்தியே கடந்தார். இளமையில் புற்றுநோயிலிருந்து மீண்டவரான அவர், அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்டவே அவ்வாறு செய்தார்.

"நீரும் வைசன்சே போகலாமே" என்று முதியவரிடம் ஒருமுறை கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே ஏரி இருக்கிறது, டொக்கும் இல்லையே" என்றார். அது பிடிவாதம் என்று அப்போது எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. ஒரு நாளில் ஊரோடு ஊர் இணைவதும், கரையில் அயலார் நின்று சூடான பானம் தருவதும், பண்ணைகளில் விளக்கேற்றி வழிகாட்டுவதும் தம் ஊர்க் கால்வாயில்தான் நிகழும். மேட்டூர் அணை திறக்கும் நாளை எதிர்நோக்கும் காவிரிப் படுகை உழவனிடம், வேறோர் ஆற்றில் நீர் ஓடுகிறதென்று கூறினால் அவன் மனம் நிறையுமா?

நான் திரும்பிய மறு ஆண்டு, 2021 பிப்ரவரியில், அவரிடமிருந்து மடல் ஒன்று வந்தது. கிழக்குக் காற்று வீசிற்றாம், கால்வாய் உறைந்ததாம். கொள்ளைநோய்க் காலமாதலால் பெருவிழா எதற்கும் இடமில்லை. ஒரு வாரம் கழிந்ததும் பனி உருகிவிட்டது. ஆயினும் அதற்கிடையில் நகரத்திலிருந்து அவருடைய பேத்தி வந்திருந்தாள். செயற்கைத் தளத்தில் மட்டுமே சறுக்கிப் பழகிய பதினான்கு வயதுப் பெண். எனக்கென்று வைத்திருந்த மரக் காலணியைக் கட்டிக்கொண்டு, முதன்முறையாகக் கால்வாயில் இறங்கினாளாம். காலடியில் பனிக்கட்டி முனகும் ஓசை கேட்டு அஞ்சி நின்றவளை, இவர் கைப்பிடித்து ஊர்ப் பாலம் வரை அழைத்துச் சென்று திரும்பினாராம்.

மடலின் இறுதியில் எழுதியிருந்தார்: "டொக்கும் கட்டத்தைப் பற்றி அவள் கேட்டாள். நான் வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காலணிகளை எண்ணெயிட்டு மீண்டும் ஆணியில் மாட்டியாயிற்று."