நிகோட்டினும் அரை ஆயுட்காலமும்

புகை பிடிப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சிகரெட்டை முடித்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அடுத்ததைத் தேடுவார்கள். காலையில் கண் விழித்ததும், காப்பிக்கு முன்பே பீடிக் கட்டைத் தேடுவோரும் உண்டு. "மனம் வைத்தால் விட்டுவிடலாமே!" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது அத்தனை எளிதா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கள்ளச்சாவி

பூச்சிகள் தின்னாதபடி புகையிலைச் செடி தன் இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் நஞ்சுதான் நிகோட்டின். 1560-இல் போர்ச்சுகலிலிருந்து பிரெஞ்சு அரண்மனைக்குப் புகையிலை அனுப்பிய தூதர் ழான் நிக்கோவின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோட்டின், நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 விநாடிகளில் மூளையை அடைகிறது. அங்குள்ள நரம்பணுக்களில், உடலில் இயல்பாகச் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளுக்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டில் கள்ளச்சாவி நுழைவதுபோல் நிகோட்டின் அவற்றில் பொருந்திக்கொள்கிறது. உடனே டோபமைன் வெளிப்படுகிறது. ஓர் இன்ப உணர்வு தோன்றுகிறது.

பாதி, பாதியில் பாதி

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் பற்றிப் படித்திருப்பீர்கள். இரத்தத்திலுள்ள நிகோட்டினுக்கும் அப்படி ஒன்று உண்டு. கல்லீரல் அதைச் சிதைப்பதால், ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் அளவு பாதியாகிறது. 8 மணி நேரம் உறங்கினால் நான்கு முறை பாதியாகி, 16-இல் 1 பங்கே மிஞ்சும். காலை நேரத் தவிப்பின் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

24 மணி நேரத்தில் 12 முறை பாதியாகும். மிஞ்சுவது 4096-இல் 1 பங்கு! ஒரே நாளில் நிகோட்டின் அநேகமாக முழுவதும் நீங்கிவிடுகிறது. அப்படியானால் மறுநாளே பழக்கமும் நீங்க வேண்டுமே! ஏன் நீங்குவதில்லை?

நிகோட்டின் நாள்தோறும் வந்துகொண்டிருந்தால் மூளை ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. நிகோட்டின் போன பின்னும் அந்த ஏற்பிகள் இருக்கின்றன. அதனால்தான் எரிச்சல், தூக்கமின்மை, கவனக் குறைவு எல்லாம். இவை முதல் 2, 3 நாட்களில் மிகுந்து, 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் தணிகின்றன.

புகை செய்யும் கேடு

பழக்கத்துக்கு அடிமையாக்குவது நிகோட்டின். பெருங்கேடு செய்வது அதனுடன் வரும் பொருட்கள். புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன; அவற்றுள் குறைந்தது 70 புற்றுநோய் உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. இதனால் இதயத்துக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை.

புகையிலையை மென்றால் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம். உடன் சேர்க்கும் சுண்ணாம்பு, நிகோட்டினை வாயின் உட்தோல் விரைவில் உறிஞ்சச் செய்கிறது. மெல்லும் புகையிலை வாய்ப்புற்றையும் உண்டாக்குகிறது.

விட்டவர்களுக்குக் கிடைத்தது

பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை 1951 முதல் 50 ஆண்டுகள் ரிச்சர்ட் டாலும் உடனிருந்தோரும் ஆராய்ந்தனர். முடிவு 2004-இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தனர். 50 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகளை மீட்டனர். 30 வயதில் விட்டவர்கள் அநேகமாகப் பத்தையும் மீட்டனர்.

மாணவர்களே, உங்கள் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது நிகோட்டினுக்கு எளிதில் அடிமையாகிவிடும். எனவே, நண்பன் நீட்டும் முதல் சிகரெட்டையே மறுத்துவிடுங்கள். வீட்டில் தந்தையோ மாமாவோ புகையை விட முயன்றால், முதல் வாரத்தில் அவருடைய கோபத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் யோசனை கேட்கச் சொல்லுங்கள். அவர் போராடுவது தம் மூளையில் பெருகிவிட்ட ஏற்பிகளுடன். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.