நல்ல தண்ணீர் காட்டாமல் இன்ஜினைப் பூட்டாதீர்கள்

பனி விழும் நாடுகளில் குளிர்காலத்துக்கு முன் படகு இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்துவிடுவார்கள். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். அந்த அழுத்தத்தில் இன்ஜினின் அலுமினிய உடலே வெடித்துவிடும்.

கடலூரில் தண்ணீர் உறையாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்துத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் ஃபைபர் படகுகள் கரையேறிவிடும். இன்ஜினைக் கழற்றித் தோளில் தூக்கி வந்து வீட்டில் போடுவார்கள். கடலூர் முதுநகரில் அவுட்போர்டு இன்ஜின் பழுது பார்ப்பவன் நான். தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் பக்கம் கிள்ளை, முடசலோடை வரைக்கும் எனக்கு வேலை. தை மாதம் என் பட்டறைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் கடலில் கெட்டவை அல்ல, வீட்டில் சும்மா கிடந்து கெட்டவை.

காரணம் உப்பு. கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் இந்த இன்ஜின் சூடு தணிகிறது. நிறுத்தியதும் உள்ளே தங்கும் தண்ணீர் காய்ந்து, உப்பு வழிகளை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். மேலே குடம் குடமாக ஊற்றிக் கழுவினாலும் உள்ளே போகாது. டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் துளைகள் மூழ்கும்படி இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பக்கவாட்டில் பீச்சும் தண்ணீரில் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, விடாமல் வர வேண்டும்.

“ஓடைத் தண்ணிதானேண்ணே, இதுல என்ன உப்பு?” என்பார்கள் முடசலோடைத் தம்பிகள். பிச்சாவரம் ஓடைகளிலும் கடல் ஏறி இறங்குகிறது. போதாததற்குச் சேறு வேறு.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினைக் கடைசியில் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். பிறகு கார்பரேட்டரில் மிச்சம் இருப்பதை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது பிசினாகி, நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். பங்கில் இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் இழுக்கும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எரிபொருளோடு கலந்து போகும் ஆயில்தான் பாதுகாப்பு. ஓட்டம் நின்றால் அதுவும் நின்றுபோகும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுங்கள்.

கியர் ஆயிலைப் பார்க்காமல் மட்டும் விடாதீர்கள். அடித்திருகைத் தளர்த்தியதும் வருவது பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெரும்பாலும் விசிறிக்குப் பின்னால் சுற்றிய வலை நைலான், சீலை அறுத்திருக்கும். சீலை மாற்றி, புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை ஏற்றுங்கள்.

இன்ஜினை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். தண்ணீர் வடியுமுன் படுக்கப் போட்டால், புகை போகும் வழியாக அது சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியதுபோல் இன்னொன்று வந்து இன்ஜின் மூழ்கினால், எடுத்த உடனே கயிற்றை இழுக்காதீர்கள். காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்து துரு வேகமாக ஏறும். நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி வடித்து, ஆயில் விட்டு, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு டிரம்மும் கியர் ஆயிலும் வாங்கி வைத்துவிடுங்கள். மழை பிடித்த பிறகு யாருக்கும் கை ஓடாது.