ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும்?

"வீடு எங்கே சார்?" என்று யாராவது கேட்டு, "மூலக்கொத்தளம்" என்று பதில் சொன்னால், கேட்டவர் முகத்தில் லேசாக ஓர் அனுதாபம் எட்டிப் பார்க்கும். காரணம், அந்தப் பெயரைக் கேட்டதும் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது சுடுகாடு. 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போய் உயிரைவிட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான இடம் என்ற பெருமை எல்லாம் அப்புறம்தான். "கடைசியில் வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடிச்சிட்டீங்க. வண்டிச் செலவு மிச்சம்!" என்று ஒரு நண்பர் ஜோக்கடித்தார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா விழும் வரை.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. நாலு கோடு செங்குத்தாக, அஞ்சாவது கோடு குறுக்கே. இப்படியே முப்பது வருஷம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கு பி.பி. என்று டாக்டர் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. "கோவமே வராத மனுசனுக்கு ரத்தக் கொதிப்பு எங்கிருந்துடா வரும்?"

அப்பாவும் நம்பவில்லை போலிருக்கிறது. தலை சுற்றல் இல்லை, மயக்கம் இல்லை. 'நல்லாத்தானே இருக்கோம்' என்று ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. எட்டு மாசம் கழித்து ஒரு காலை, காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம்.

உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை. பென்ஷன் வாங்க பேங்குக்குக் கூட்டிப்போனேன். முப்பது வருஷம் கணக்கு எழுதின மனிதர், மை தடவிய பெருவிரலைக் காகிதத்தில் வைத்து அழுத்தினார். பிறகு வெகுநேரம் அந்த மையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

யோசித்துப் பார்த்தால், 'ரத்தக் கொதிப்பு' என்று பெயர் வைத்ததுதான் வம்பு. உலை கொதித்தால் சத்தம் வரும், மூடி துள்ளும், ஓடிப்போய் அடுப்பை அணைப்போம். இது சத்தமே போடாது. குழாயில் தண்ணீர் வேகம் வருஷக்கணக்கில் அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் ஏதாவதொரு மூட்டு பிய்த்துக்கொள்ளும். மூளையா, இதயமா, சிறுநீரகமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே இதுதான் நடந்தது. 1945 ஏப்ரல் 12-ம் தேதி, தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190! உப்பைக் குறையுங்கள், ஓய்வு எடுங்கள் என்று முந்தின வருஷமே டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இன்றைக்கு இருப்பது போன்ற நல்ல மாத்திரைகள் அன்றைக்குக் கிடையாது. வெள்ளை மாளிகைக்கே கிடைக்காத மருந்து, மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் வந்து அப்பாவுக்கு அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அந்தப் பெண் கருவியை மடிக்கிற சமயம், "அண்ணா, சும்மாதானே நிக்கறீங்க, உங்களுக்கும் பாத்துடறேன்" என்றார்.

152/96.

"இப்பதான் மாடி ஏறி வந்தேன், டீ வேற குடிச்சேன்" என்று ஏதேதோ உளறினேன். "அப்ப அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க" என்றார். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் உட்கார வேண்டுமாம். டீ, காபி, சிகரெட்டெல்லாம் அரை மணிக்கு முன்பே முடித்திருக்க வேண்டுமாம். மறுபடி பார்த்தார். 150/96. டீயின் மேல் பழி போட முடியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா வேறு வேறு நாளில் இரண்டு முறை அளந்தார். அப்போதும் 140/90-க்கு மேலேதான். ரத்தம், சிறுநீர் டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு, "சர்க்கரை இல்லை, கிட்னி நல்லா இருக்கு. அதனால மூணு மாசம் டைம் தரேன். உப்பு, நடை, எடை. அப்பவும் குறையலேன்னா மாத்திரை. அழக்கூடாது" என்றார். இந்தச் சலுகை எனக்குத்தான். எல்லாருக்கும் கிடையாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தினால், எங்கள் அப்பா கதைதான்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. "நம்ம வீட்ல அவ்வளவெல்லாம் போடறதில்லைங்க" என்றாள் மனைவி. அடியேன் பி.காம். ஸ்டாக் எடுக்காமல் எதையும் நம்பமாட்டேன். புது உப்பு பாக்கெட்டின் மேல் பால்பாயின்ட் பேனாவால் தேதி எழுதினேன். வீட்டில் நாலு பேர். தலைக்கு 5 கிராம் என்றால் தினம் 20. ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும்.

இருபத்திரண்டாம் நாள் பாக்கெட் காலி!

அதாவது தலைக்கு 11 கிராமுக்கு மேல். மீன் கழுவினது, சிந்தினது என்று தேய்மானம் கழித்தாலும் எட்டு, ஒன்பது தேறும். இது கணக்கில் வந்த உப்பு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், மிக்சர், டீக்கடை பிஸ்கட் என்று வேறு பெயரில் வீட்டுக்குள் நுழைகிற பினாமி உப்பு தனி. எல்லாவற்றுக்கும் மேலே கருவாடு. அதில் கை வைத்ததும் அம்மா பொங்கிவிட்டார். "காசிமேட்டுக்கு இந்தாண்ட இருந்துக்கினு கருவாடு இல்லாம சோறா? அப்புறம் உசுரோட இருந்து இன்னாத்துக்குடா?"

சமாதான ஒப்பந்தம் போட்டோம். கருவாடு மாசம் ஒருநாள். நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, அந்தக் குழம்புக்குத் தனி உப்பு கிடையாது. சோறு உப்பில்லாமல் வடிப்பது. ஊறுகாய் ஜாடி பரணுக்கு. மிளகு, சீரகம், எலுமிச்சை கூடுதலாக. முதல் வாரம் சாம்பார் பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது. மூணாவது வாரம் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஓட்டலில் சாப்பிட்டால் உப்பு கரிக்கிறது.

"இந்துப்பு போட்டா பி.பி. வராதாமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஐடியா கொடுத்தார். அதுவும் உப்புதான் சார், கலர்தான் வேறு! சோடியம் குறைத்த உப்பு என்று ஒன்று விற்கிறது. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். கிட்னி கோளாறு உள்ளவர்களும், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அடுத்தது நடை. எங்கள் பேட்டையில் பொழுது விடிந்தால் லாரி, கன்டெய்னர், தூசி. அதனால் அஞ்சரை மணிக்கே சந்துகளுக்குள் அரை மணி நேரம், வாரத்தில் அஞ்சு நாள். வழியில் சுடுகாட்டு மதில் வரும். உலகத்திலேயே இதைவிட நல்ல உடற்பயிற்சி ஆசிரியர் கிடையாது. அதைப் பார்த்ததும் கால் தானாக வேகமாகும்.

மூணு மாசம். எடை நாலு கிலோ குறைந்தது. உப்பு பாக்கெட் 43 நாள் வந்தது. அழுத்தம் 134/86. "பாஸ்தான். ஆனா டிஸ்டிங்ஷன் இல்லை. மாசாமாசம் வந்து பாத்துக்கணும்" என்றார் டாக்டரம்மா.

நான் நடந்துவிட்டு வந்ததும் அப்பா காலண்டரைக் கேட்பார். இடது கையால், நடுங்கி நடுங்கி, பின்பக்கம் ஒரு கோடு போடுவார். நாலு கோடு செங்குத்தாக, அஞ்சாவது குறுக்கே.

போன வாரம் மழை. ஒருநாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன். வாரக் கடைசியில் அப்பா காலண்டரை என் பக்கம் நீட்டினார். நாலு கோடு நின்றது, குறுக்குக் கோட்டைக் காணோம். கப்பலில் ஏற்றினதைவிட மூட்டை குறைவாக இறங்கினால் துறைமுகத்தில் சொல்கிற வார்த்தையை, குழறுகிற வாயால், ஒவ்வோர் எழுத்தாக அப்பா சொன்னார்:

"ஷார்ட்... லேண்டிங்!"

மறுநாள் அஞ்சரைக்கு, குடையோடு கிளம்பிவிட்டேன்.