வீட்டுப் பட்டறைச் சாணை இயந்திரம்
அமெரிக்கா, 1940களின் பிற்பகுதி

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்ததும், அமெரிக்க அரசு உபரித் தளவாடங்களை விற்றுத் தள்ளியது. அவற்றில் கிடைத்த பேரிங்கையும் ஷாஃப்டையும் பழைய சலவை இயந்திர மோட்டாரோடு பூட்டி, தகப்பன்மார் வீட்டிலேயே இவ்வகைச் சாணைகளைச் செய்தார்கள். இது வெறும் சிக்கனம் அல்ல, பொறியியல். நிமிடத்துக்கு 1,725 முறை சுழலும் மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, சாணை ஷாஃப்டில் 2 அங்குலப் புல்லி, இடையே ஒரு பெல்ட்: வேகம் ஏறத்தாழ இருமடங்கு.

கடைச் சாணையின் துல்லியம் இதற்கு வருமா என்று கேட்கலாம். சட்டத்தில் வெல்டிங் தழும்பு தெரியும்தான். ஆனால் சக்கரம் ஆடாமல் சுழல்வது பெரும்பாலும் ஷாஃப்டையும் பேரிங்கையும் பொறுத்தது. அவை ஆலையில் நுட்பமாகக் கடைந்தவை. பெல்ட்டுக்கு மூடி இல்லாததுதான் உண்மையான குறை.