தலை சுற்றுகிறதா, உலகம் சுற்றுகிறதா?

'சுற்று' என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஒரு நாளில் எத்தனை வேலை பார்க்கிறோம்! பம்பரத்தில் சாட்டையைச் சுற்றுகிறோம். பிள்ளையார் கோயிலை மூன்று முறை சுற்றி வருகிறோம். ஃபேன் சுற்றுகிறது. பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வராவிட்டால், "எங்கே சுத்திட்டு வர்றே?" என்று அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்கிறார்.

அறிவியல் பாடம் மட்டும் இதில் கறார். இருந்த இடத்திலேயே தன் அச்சில் திரும்பினால் அது சுழல்வது. இன்னொன்றை வலம் வந்தால் அது சுற்றுவது. பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது. பரீட்சையில் மாற்றி எழுதினால் மார்க் போச்சு.

சரி, 'தலை சுத்துது' என்கிறோமே, அது இதில் எந்த வகை? தட்டாமாலை ஆடிவிட்டு நிற்கிறீர்கள். கால் தரையில் ஊன்றியிருக்கிறது. தலை கழுத்தின் மேல் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் சுவர், மரம், எதிரே சிரித்துக்கொண்டு நிற்கும் தங்கச்சி எல்லாம் ஓடுகிறார்கள். உண்மையில் அப்போது சுற்றுவது எது?

உங்கள் காதுக்குள் இருக்கும் தண்ணீர்!

காது கேட்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மண்டையோட்டு எலும்புக்குள் பத்திரமாக இருக்கும் உட்செவியில், வளையம் வளையமாக மூன்று மெல்லிய குழாய்கள் உண்டு. அரைவட்டக் குழாய்கள் என்று பெயர். இந்தக் காதில் மூன்று, அந்தக் காதில் மூன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து இருப்பதால், 'ஆமாம்' என்று தலையாட்டினாலும், 'இல்லை' என்று ஆட்டினாலும், தோள் பக்கம் சாய்த்தாலும் ஏதாவது ஒரு குழாய்க்குச் சேதி போய்விடும். குழாய் நிறைய திரவம். நடுவில் ஜெல்லியால் ஆன குட்டித் தடுப்பு ஒன்று. அதற்குள் நுண்ணிய உணர்முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தடுப்பு எந்தப் பக்கம் வளைகிறதோ, அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகும்.

இனி ஒரு சோதனை. பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை மிளகுத்தூள் தூவுங்கள். சுழல் நாற்காலியின் நடுவில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். டம்ளர் உடனே திரும்பிவிடும். மிளகுத்தூள் சோம்பேறித்தனமாக இருந்த இடத்திலேயே நிற்கும். சுழற்றிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் டம்ளரோடு சேர்ந்துகொள்ளும். இப்போது நாற்காலியைச் சட்டென்று பிடித்து நிறுத்துங்கள். டம்ளர் நின்றுவிட்டது. மிளகுத்தூள் நிற்கிறதா பாருங்கள்!

காதுக்குள் நடப்பதும் இதுதான். நீங்கள் நின்றுவிட்டீர்கள், திரவம் நிற்கவில்லை. அது தடுப்பை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. 'ஆள் இப்போது மறுபக்கம் திரும்புகிறான்' என்று மூளை முடிவு கட்டி, அதற்கு ஏற்பக் கண்களையும் நகர்த்துகிறது. அடுத்த முறை தட்டாமாலை முடிந்ததும் தோழியின் கண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். கருவிழி மெதுவாக ஒரு பக்கம் நகரும், வெடுக்கென்று திரும்பி வரும், மறுபடி நகரும். கண் இப்படி ஓடினால் சுவர் ஓடாமல் என்ன செய்யும்?

இந்தக் கண் ஆட்டத்தை விடாமல் துரத்தியவர் வியன்னாவின் காது மருத்துவர் ராபர்ட் பாரனி. நோயாளிகளின் காதைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கம் ஆடியது. சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஆடியது. சூட்டால் உட்செவித் திரவம் மேலே ஏறுகிறது, குளிர்ந்தால் இறங்குகிறது என்று அவர் விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் முதல் உலகப் போரில் சிக்கி ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்! 1916இல்தான் விடுதலை.

பூமி சுழல்கிறதே, நமக்கு ஏன் தலை சுற்றவில்லை என்று யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. சென்னையில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அரைவட்டக் குழாய்க்கு வேகம் கூடுவதும் குறைவதும்தான் தெரியும்; சீராகச் சுழன்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. அதோடு, கடிகாரத்தின் சின்ன முள் ஒரு நாளில் இரண்டு சுற்று சுற்றுகிறது, பூமிக்கு ஒன்றுதான்; அவ்வளவு மெதுவான சுழற்சி அது.

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. அங்கே வயிற்றைப் புரட்டுவதற்குக் காரணம் வேறு. திரும்புகிறோம் என்று காது சொல்கிறது. முன் சீட்டின் முதுகையோ கையிலிருக்கும் செல்போனையோ பார்க்கும் கண், இல்லையே என்கிறது. மூளை குழம்புகிறது. டிரைவருக்கு ஒன்றும் ஆவதில்லை, கவனித்தீர்களா? வளைவு வருவது அவருக்கு முன்பே தெரியும், கண்ணும் சாலையில் இருக்கிறது. நீங்களும் போனை உள்ளே வைத்துவிட்டு, முன்னால் தெரியும் சாலையைப் பாருங்கள்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்கள் விஷயம். "புரண்டு படுத்தாலே தலை சுத்துது" என்று பாட்டி சொன்னால் 'வயசாச்சு' என்று யாரும் விட்டுவிடக் கூடாது. உட்செவியில் பொடிப்பொடியாகக் கால்சியம் படிகங்கள் உண்டு. சில சமயம் அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். அதுதான் காரணம் என்றால், டாக்டர் பாட்டியின் தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பியே அந்தப் படிகங்களைக் குழாயிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுவார். பலருக்கு மாத்திரைகூடத் தேவைப்படாது. வேறு காரணமாகவும் இருக்கலாம் என்பதால், நாமாகத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பாட்டியை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.